ஒரு கிளைக்கு எத்தனை வாட் மணி?

கண்டியைச் சுற்றியுள்ள வீட்டு வளவுகளில் மரம் நடுவது பெரிய வேலையல்ல. மலைநாட்டு மண்ணும் இரண்டு பருவ மழையும் அதைப் பார்த்துக்கொள்ளும். வளர்ந்ததை அளவோடு வைத்திருப்பதுதான் பாடு. பேராதனையிலோ குண்டசாலையிலோ கட்டுகஸ்தோட்டையிலோ கால் ஏக்கர் வளவுள்ள ஒரு வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். பலா, ஈரப்பலா, கமுகு, கராம்பு, சாதிக்காய், ஆனைக்கொய்யா, கித்துள், தென்னை என்று ஒன்றன் தோளில் ஒன்று கைபோட்டு நிற்கும். மிளகுக்கொடி ஏற நட்ட கிளிசரிடியா, வருடத்துக்கு இரண்டு மூன்று தடவை கிளை கழிக்காவிட்டால் கொடிக்கு வெயில் விடாது. கூரைக்கு மேல் நீண்ட கிளை வழியே குரங்குக் கூட்டம் இறங்கி ஓட்டைக் கலைத்துவிடும். ஒக்டோபர் மழை தொடங்கினால், சரிவில் நிற்கும் அல்பீசியா எந்தப் பக்கம் முறியும் என்ற கவலை வேறு.

இந்த வேலைக்கு முன்பெல்லாம் கத்தியும் கைவாளும் போதுமாக இருந்தன. பெரிய மரமென்றால் ஊரில் பெற்றோல் சங்கிலி வாள் வைத்திருப்பவரைக் கூப்பிடுவார்கள். 2022-ம் ஆண்டு இந்தப் பழக்கத்தை அசைத்தது. எரிபொருள் நிலையங்களில் வரிசை கிலோமீற்றர் கணக்கில் நீண்டது. கேன்களில் பெற்றோல் ஊற்றுவதற்குக் கட்டுப்பாடு வந்தது. சங்கிலி வாளை எரிபொருள் நிலையத்துக்கு ஓட்டிக்கொண்டு போக முடியாது. கேன் இல்லையென்றால் அது வெறும் இரும்பு. இன்று கண்டி நகரத்து ஹாட்வெயர் கடைகளில் பற்றரி வாள்கள் வரிசையாகத் தொங்குகின்றன. கடைக்காரர் முதலில் கேட்பது "எத்தனை வோல்ட், எத்தனை இஞ்சி?" என்றுதான். பெட்டிகளிலும் அந்த இரண்டு எண்களே பெரிய எழுத்தில் இருக்கும்.

இந்த அத்தியாயத்தில் நான் சொல்ல வருவது, அந்த இரண்டு எண்களையும் கடைசிக்குத் தள்ளிவையுங்கள் என்பதே. கணக்கு மரத்தில் தொடங்க வேண்டும். பற்றரி என்பது அளவான சக்தி உள்ள ஒரு பெட்டி. உங்கள் தோட்டத்துக் கிளை ஒவ்வொன்றும் அதிலிருந்து எவ்வளவு எடுக்கும் என்று தெரிந்துவிட்டால், எந்த வாள் வேண்டும் என்பது தானாக வெளிப்படும்.

ஓர் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு தோட்டத்தைச் சுற்றி வாருங்கள். வருடந்தோறும் நீங்கள் உண்மையிலேயே வெட்டும் கிளைகளின் தடிப்பைக் குறியுங்கள். வாள் வெட்டுவது கிளையின் குறுக்குப் பரப்பை. அந்தப் பரப்பு விட்டத்தின் வர்க்கத்தோடு ஏறும். 10 சென்ரிமீற்றர் கிளையின் குறுக்குப் பரப்பு சுமார் 79 சதுர சென்ரிமீற்றர். 20 என்றால் 314. 30 என்றால் 707. 30 சென்ரிமீற்றர் தண்டில் போடும் ஒரே ஒரு வெட்டு, 10 சென்ரிமீற்றர் கிளையில் போடும் ஒன்பது வெட்டுக்குச் சமம். கண் இதை நம்ப மறுக்கும். "அதைவிட மூன்று மடங்குதானே தடிப்பு" என்று நினைத்துத்தான் பலர் சின்ன வாளைப் பெரிய தண்டில் வைத்துப் பாதியில் பற்றரி தீர்ந்து நிற்கிறார்கள்.

வாள் மரத்தைப் பிளப்பதில்லை. ஒரு தடத்தில் இருக்கும் மரத்தை முழுவதுமாகச் சீவி வெளியே தள்ளுகிறது. வீட்டு வாளின் மெல்லிய சங்கிலி எடுக்கும் தடம் 5, 6 மில்லிமீற்றர் அகலம். காட்டு வேலைக்கான பெரிய பெற்றோல் வாள்களில் அது 7, 8 வரை போகும். 20 சென்ரிமீற்றர் கிளையை 6 மில்லிமீற்றர் தடத்தில் வெட்டினால் ஏறத்தாழ 190 கன சென்ரிமீற்றர் மரம் தூளாகிறது. அந்தத் தூளின் ஒவ்வொரு கன சென்ரிமீற்றருக்கும் பற்றரி விலை கொடுக்கிறது. தடம் குறுகினால் விலை குறையும். பற்றரி வாள்களுக்கு மெல்லிய சங்கிலி போடுவதற்குக் காரணம் இதுவே. மாற்றுச் சங்கிலி வாங்கப் போகும்போது, பலமாக இருக்கட்டும் என்று தடித்ததைத் தேடக்கூடாது. பொருந்துவதும் இல்லை, பொருந்தினாலும் நட்டம்.

ஒரு வெட்டுக்கு எவ்வளவு போகும்? தயாரிப்பாளர்கள் பெட்டியில் போடும் "ஒரு சார்ஜில் இத்தனை வெட்டு" என்ற கணக்கைப் பற்றரியின் சக்தியால் வகுத்துப் பார்த்தால், பைன் போன்ற மென்மரத்தில் ஏறத்தாழ 10 சென்ரிமீற்றர் சதுரச் சட்டம் ஒன்றை வெட்ட 1 முதல் 2 வாட் மணி வரை வருகிறது. மோட்டரில், சங்கிலியில், எண்ணெய்ப் பம்பில் போகும் இழப்பெல்லாம் அதற்குள் அடக்கம். இந்த அளவில் 20 சென்ரிமீற்றர் உருண்டைக் கிளைக்கு 3 முதல் 6 வாட் மணி. 30 சென்ரிமீற்றருக்கு 7 முதல் 14. கிளிசரிடியாவின் 5 சென்ரிமீற்றர் கிளைக்கு அரை வாட் மணிகூட வேண்டாம். நூறு கிளை கழித்தாலும் 40 வாட் மணிக்குள் முடியும். (3 சென்ரிமீற்றருக்குக் குறைந்த பச்சைக் கிளிசரிடியாவுக்கு நல்ல கத்தியே இன்னும் வேகம். அதற்கு எந்த மோட்டரும் தேவையில்லை.)

பைன் கணக்கு நம் தோட்டத்துக்கு அப்படியே பொருந்தாது. பலா, மகோகனி, முதிர்ந்த கிளிசரிடியா எல்லாம் பைனைவிட இறுக்கமானவை. அதே பரப்புக்குக் கூடுதல் சக்தி கேட்கும். அல்பீசியா அவ்வளவு கேட்காது, இலேசான மரம். தென்னையும் கித்துளும் கமுகும் தனி இனம். இவை ஒருவித்திலைத் தாவரங்கள். பலாவைப் போல வருடந்தோறும் புது மரம் சேர்த்துப் பருப்பவை அல்ல. நார்க்கட்டுகள் வெளி ஓரத்தில் நெருக்கமாகவும் நடுவில் ஐதாகவும் இருக்கும். அதனால் நடு மரம் சோறு போலிருக்க, வெளி வளையம் இரும்பாக நிற்கும். அந்த நார்களோடு ஒட்டிச் சிலிக்காத் துணிக்கைகளும் இருக்கின்றன. சிலிக்கா மணலின் பொருள். ஒரு கித்துள் மரத்தை அறுத்து முடித்த சங்கிலியை விரல் நுனியால் தொட்டுப் பார்த்தால், காலையில் இருந்த கூர் அதில் இருக்காது.

இனிப் பற்றரிக்கு வருவோம். லித்தியம் அயன் கலத்தை முதன்முதலில் சந்தைக்குக் கொண்டுவந்தது சோனி நிறுவனம், 1991-ல். அதற்கு அடித்தளமிட்ட ஜோன் குட்இனஃப், ஸ்டான்லி விட்டிங்ஹாம், அகிரா யோஷினோ ஆகிய மூவருக்கும் 2019-ல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. வாளில் பூட்டும் பற்றரிப் பெட்டியைத் திறந்தால் உள்ளே இருப்பவை விரல் தடிப்பான உருளைக் கலங்கள். ஒரு கலத்தின் சராசரி அழுத்தம் 3.6 வோல்ட். ஐந்தைத் தொடராகக் கோர்த்தால் 18 வோல்ட், பத்தைக் கோர்த்தால் 36. முழுதாக சார்ஜ் ஏறிய கணத்தில் கலம் 4 வோல்ட்டைச் சற்றுத் தாண்டி நிற்கும். அந்தக் கணத்து எண்ணை எடுத்துச் சிலர் அதே ஐந்து கலத்தை 20 வோல்ட் என்றும், பத்துக் கலத்தை 40 வோல்ட் என்றும் எழுதுகிறார்கள். 18-ம் 20-ம் ஒன்றுதான். 36-ம் 40-ம் ஒன்றுதான்.

வோல்ட் மட்டும் சக்தியைச் சொல்லாது. வோல்ட்டை அம்பியர் மணியால் பெருக்கினால் கிடைக்கும் வாட் மணிதான் பெட்டிக்குள் இருக்கும் சக்தி. 18 வோல்ட், 4 அம்பியர் மணி என்றால் 72 வாட் மணி. 36 வோல்ட், 4 அம்பியர் மணி என்றால் 144. முன்பு பார்த்த கிளைக் கணக்கை இப்போது இதோடு சேர்த்துப் பாருங்கள். 144 வாட் மணிப் பற்றரி, மென்மரத்தில் 20 சென்ரிமீற்றர் வெட்டு 24 முதல் 48 வரை தாங்கும். பலாவில் அதைவிடக் குறைவு. அதே பற்றரியை 30 சென்ரிமீற்றர் பலாத் தண்டில் வைத்தால், பத்து வெட்டைத் தாண்டுவதே நல்ல நாள்.

சந்தையில் இப்போது உள்ளங்கையளவுப் பற்றரியோடு வரும் சின்னக் கிளை வாள்களில் 48, 88, 98 என்றெல்லாம் வோல்ட் எண்கள் ஒட்டப்பட்டிருப்பதைக் காணலாம். இதைச் சோதிக்க மீற்றரோ படிப்போ வேண்டாம். சமையலறைத் தராசு போதும். 88 வோல்ட் வர 24 கலம் தொடராக வேண்டும். வழக்கமான 18 மில்லிமீற்றர் தடிப்புக் கலம் ஒன்று ஏறத்தாழ 47 கிராம். 24 கலம் என்றால் வெறும் கலங்களே 1 கிலோ 100 கிராமைத் தாண்டும். கையிலிருக்கும் பெட்டி 350, 400 கிராம் காட்டினால் உள்ளே இருப்பது ஐந்து கலம். அதாவது 18 வோல்ட். ஐந்து கலம் மட்டும் உள்ள பெட்டியில் 6 அம்பியர் மணி என்று எழுதியிருந்தாலும் நம்ப வேண்டாம். அந்தத் தடிப்புக் கலத்தில் பெரிய மின்னோட்டம் கொடுக்கக்கூடியவை 2 முதல் 3 அம்பியர் மணிதான். உண்மையில் கிடைப்பது 45 வாட் மணி அளவு. பொதுவாக, நேர்மையாகச் செய்த வாள் பற்றரியில் உறையோடு சேர்த்து ஒரு கிலோவுக்கு 100 முதல் 150 வாட் மணி இருக்கும். பெட்டியில் எழுதியிருப்பது இதைப் பல மடங்கு தாண்டினால், எழுத்தைவிட எடையை நம்புங்கள். 45 வாட் மணி பயனற்றது என்று நான் சொல்லவில்லை. கிளிசரிடியா கழிக்கவும் கொய்யாக் கிளை வெட்டவும் அது தாராளம். 88 வோல்ட் என்று நம்பிப் பலாவில் வைப்பதுதான் ஆபத்து.

18 நல்லதா, 36 நல்லதா என்ற கேள்விக்கு இயற்பியல் சொல்லும் பதில் கொஞ்சம் நுட்பமானது. ஒரே வேலையை 18 வோல்ட்டில் செய்ய 36 வோல்ட்டைவிட இரு மடங்கு மின்னோட்டம் வேண்டும். கம்பியில் வெப்பமாகப் போவது மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், ஒரே மாதிரிக் கம்பியில் இழப்பு நாலு மடங்காகும். கலங்களுக்கு உள்ளே நடப்பது வேறு. பத்துக் கலத்தை இரண்டு வரிசையாக்கி 18 வோல்ட் எடுத்தாலும், ஒரே வரிசையாக்கி 36 எடுத்தாலும், ஒவ்வொரு கலமும் சுமக்கும் பாரம் ஒன்றே. கலத்தின் சூட்டைத் தீர்மானிப்பது கலங்களின் எண்ணிக்கை. அதனால் ஐந்து கலப் பெட்டி மூச்சு வாங்கும் இடத்தில், 18 வோல்ட் என்றே எழுதியிருக்கும் பத்துக் கலப் பெட்டி நிதானமாக ஓடும். இரண்டு 18 வோல்ட் பற்றரிகளை ஒன்றாகப் பூட்டி 36 எடுக்கும் வாள்களும் உண்டு. ஏற்கெனவே துளை போடும் இயந்திரமோ புல்வெட்டியோ ஒரு நிறுவனத்தின் 18 வோல்ட் வரிசையில் வைத்திருப்பவருக்கு, அதே வரிசையில் வாள் வாங்குவது நல்ல புத்தி. ஒரு நிறுவனத்தின் பற்றரி பெரும்பாலும் இன்னொன்றில் ஏறாது. வாளின் விலையில் பெரும்பங்கு பற்றரிக்கே போகிறது.

பெற்றோலோடு ஒப்பிடாமல் இந்தக் கணக்கு முடியாது. ஒரு லீற்றர் பெற்றோலில் ஏறத்தாழ 9,000 வாட் மணி சக்தி இருக்கிறது. சிறிய இரண்டு வீச்சு இயந்திரம் அதில் பெரும்பகுதியைச் சூடாக வீணாக்கும். ஒரு பங்கை எரிக்காமலே புகையோடு வெளியே தள்ளும். ஐந்தில் ஒரு பங்கு சங்கிலிக்குப் போகிறது என்று தாராளமாக வைத்தாலும் 1,800 வாட் மணி. 144 வாட் மணிப் பற்றரி பன்னிரண்டுக்குச் சமம். நாள் முழுக்க மரம் தறிப்பவர் பெற்றோல் வாளை விடாததற்குக் காரணம் இந்த இடைவெளி. வருடத்தில் நாலைந்து நாள், ஒவ்வொரு நாளும் ஒரு மணி நேரம் கிளை கழிக்கும் வீட்டுக்கு அந்த இடைவெளி ஒரு பொருட்டே இல்லை. மாறாக, மாதக்கணக்கில் தொடாத பெற்றோல் வாளின் காபரேட்டரில் பழைய எரிபொருள் பிசினாகிப் படிந்து, தேவைப்படும் நாளில் அது கிளம்பாமல் நிற்கும். வீட்டுப் பெற்றோல் வாளின் 30, 35 சிசி இயந்திரம் தருவது 1.3 முதல் 1.6 கிலோவாட். நல்ல 36 வோல்ட் வாள் 40 அம்பியர் இழுக்கும்போது 1.4 கிலோவாட் எடுக்கிறது. வெட்டும் அந்த நிமிடத்தின் வலுவில் இரண்டும் பக்கத்துப் பக்கம். எவ்வளவு நேரம் என்பதில்தான் வேறுபாடு.

மோட்டரைப் பற்றி ஒரு வார்த்தை போதும். பெட்டியில் பிரஷ்லெஸ் என்று இருக்க வேண்டும். பழைய வகையில் கரித்துண்டுகள் உரசி மின்னைச் சுழலும் சுருளுக்குக் கொடுக்கும். உரசலில் சக்தியும் ஆயுளும் தேயும். புதிய வகையில் காந்தங்கள் சுழல, எந்தச் சுருளுக்கு எப்போது மின் என்பதை ஒரு மின்னணுச் சுற்று பார்த்துக்கொள்கிறது. சங்கிலி சிக்கினால் மோட்டர் எரிவதற்கு முன் அதே சுற்று நிறுத்திவிடும்.

சக்தி கடைசியில் போய்ச் சேரும் இடம் சங்கிலியின் பல். பற்றரி வாள் வாங்குகிறவர்கள் மிகக் குறைவாகக் கவனிப்பதும், மிகக் கூடுதலாகக் கவனிக்க வேண்டியதும் இதுதான் என்பது என் எண்ணம். சங்கிலி வாள் பிறந்தது காட்டிலல்ல, மருத்துவரின் கையில். 1830-ல் ஜெர்மானியரான பேர்ன்ஹார்ட் ஹைன எலும்பு அறுப்பதற்குக் கையால் சுற்றும் பல் சங்கிலிக் கருவி ஒன்றைச் செய்தார். மரத்துக்கென்று அன்ட்ரியாஸ் ஸ்டீல் 1926-ல் செய்த முதல் வாளும் மின்சாரத்தில் ஓடியதே. பெற்றோல் அதற்குப் பிறகு வந்தது. ஆனால் அந்தக் காலச் சங்கிலிகளின் பல், கைவாள் பல்லைப் போல மரத்தைக் கீறி எடுத்தது. அடிக்கடி மழுங்கியது. 1946-ல் அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் ஜோசஃப் பியூஃபர்ட் கொக்ஸ் என்ற மரம் வெட்டும் தொழிலாளி, ஒரு மரக்கட்டையைத் துளைத்துக்கொண்டிருந்த வண்டுப் புழுவைக் கூர்ந்து பார்த்தார். நாரோடும் நாருக்குக் குறுக்காகவும் ஒரே இலாவகத்தோடு அது போயிற்று. அதன் இரண்டு தாடைகளும் வளைந்து, இடமும் வலமுமாக மாறி மாறி மரத்தைச் சீவின. கொக்ஸ் அந்த வடிவத்தை எஃகில் செய்தார். இடப்பல், வலப்பல் என்று மாறி வரும் இன்றைய சங்கிலி அந்தப் புழுவின் வாயிலிருந்து வந்தது. கண்டியில் தொங்கும் மலிவான வாளிலும் விலையுயர்ந்த வாளிலும் அதே வடிவம்தான் ஓடுகிறது.

ஒவ்வொரு பல்லுக்கும் முன்னால் ஒரு சிறு மேடு இருக்கும். பல் எவ்வளவு ஆழம் கடிக்கலாம் என்பதை அது தீர்மானிக்கிறது. பல்லுக்கும் மேட்டுக்கும் உள்ள உயர வித்தியாசம் அரை மில்லிமீற்றரைச் சற்றுத் தாண்டும், அவ்வளவே. பல் கூராக இருக்கும்போது வாளிலிருந்து சீவல் சீவலாக மரம் விழும். மழுங்கினால் மாவு மாதிரித் தூள் பறக்கும். தூளைக் கண்டதும் நிறுத்த வேண்டும். மழுங்கிய பல் மரத்தை வெட்டாமல் தேய்க்கிறது, தேய்ப்பு சூடாகிறது, வெட்டுபவர் இன்னும் அழுத்துகிறார், மின்னோட்டம் ஏறுகிறது, கலங்கள் சூடாகின்றன. "பற்றரி நிற்கவே மாட்டேன் என்கிறது" என்று கடைக்குத் திரும்பக் கொண்டுவருகிற வாளைப் பார்த்தால், பல நேரம் பற்றரியில் ஒரு குறையும் இருக்காது. வாளோடு சங்கிலிக்குப் பொருந்தும் உருண்டை அரம் ஒன்றும் வாங்கி, தீட்டுவதற்குப் பழகிக்கொள்ளுங்கள். ஒரு மேலதிகப் பற்றரிக்குக் கொடுக்கும் பணத்தில் மிகச் சிறு துண்டுதான் அரத்தின் விலை.

சங்கிலி ஓடும் பாருக்கு எண்ணெய் வேண்டும். இங்கே பலர் கையில் இருக்கும் தேங்காய் எண்ணெயை ஊற்றுகிறார்கள். மசகாக அது மோசமில்லை. மண்ணில் சிந்தினாலும் மிளகு வேருக்குக் கேடில்லை. சிக்கல் வெப்பநிலையில் இருக்கிறது. தேங்காய் எண்ணெய் 24 பாகை செல்சியஸ் அளவில் உறையத் தொடங்கும். சனவரி விடியலில் கண்டி 18, 19 பாகைக்கு இறங்கும். நுவரெலியாவைச் சொல்லவே வேண்டாம். வாளின் தொட்டியில் எண்ணெய் வெண்ணெயாகி நிற்க, பம்பு வெறும் காற்றை இழுக்கும். சங்கிலி காய்ந்து ஓடி, பார் நீலம் பாயச் சூடேறும். மதியம் வெயில் ஏறியபின் வேலை செய்கிறவருக்குத் தேங்காய் எண்ணெய் சரி. மற்றவர்கள் பார் எண்ணெய் என்றே விற்பதை வாங்கலாம். வாகனத்தில் மாற்றி எடுத்த கரி எண்ணெயை மட்டும் ஒருபோதும் ஊற்ற வேண்டாம். அதில் உலோகத் தூளும் புற்றுநோய்க்குக் காரணமாகும் பொருட்களும் உண்டு. வாள் அதை உங்கள் முகத்துக்கும் தோட்டத்துக்கும் மென்மழையாகத் தெளிக்கும். பலாக் கிளை வெட்டினால் பால் சங்கிலியில் ஒட்டி இறுகும். சமையலறையில் பலாக்காய் வெட்டும் கத்தியைத் துடைப்பது போலவே, ஈரம் காயுமுன் எண்ணெய்த் துணியால் துடைத்துவிடுவது நல்லது.

பாரின் நீளத்துக்கு இப்போது வரலாம். வழக்கமாக வெட்டும் கிளையின் தடிப்பைவிட இரண்டு இஞ்சி கூட இருந்தால் போதும். கண்டி வளவுகளுக்கு 10 அல்லது 12 இஞ்சிப் பார் எல்லா வேலையையும் செய்யும். 16 இஞ்சி வாங்கினால் கூடுதல் சங்கிலியை இழுக்கப் பற்றரி செலவழியும். பெரிய தண்டைத் தொடும் ஆசையும் வரும். அதைவிட முக்கியமாக, பாரின் நுனி உங்கள் கண்ணிலிருந்து விலகிப் போகும். நுனியின் மேல் கால்வட்டம்தான் சங்கிலி வாளில் மிகவும் ஆபத்தான இடம். அங்கே பல் ஒரு கட்டையைத் தொட்டால், கட்டை நகராது, வாள் நகரும். சங்கிலி முன்னோக்கி ஓடும் வேகம் அப்படியே வாளை மேலும் பின்னுமாக, பிடித்திருப்பவரின் முகத்தை நோக்கித் திருப்பிவிடும். நல்ல வாளில் சங்கிலி விநாடிக்கு 20 மீற்றர், மணிக்கு 72 கிலோமீற்றர் வேகத்தில் ஓடுகிறது. உதைப்பு நடந்து முடிய விநாடியில் பத்தில் ஒரு பங்கு போதும். மனிதன் ஆபத்தை உணர்ந்து கையை அசைக்கவே அதைப்போல இரு மடங்கு நேரம் வேண்டும். அதனால்தான் முன்கைப்பிடிக்கு எதிரே இருக்கும் தடுப்புத் தட்டு, கை பட்டோ அதிர்வின் வேகத்திலோ தானாகச் சங்கிலியை நிறுத்தும்படி செய்யப்பட்டிருக்கிறது. இந்தத் தடுப்பு இல்லாத முழு அளவு வாளை எந்த விலைக்கும் வாங்காதீர்கள்.

ஒற்றைக் கைச் சின்ன வாள்களைப் பற்றி எனக்கு ஒரு பயம் உண்டு, அதைச் சொல்லியே ஆக வேண்டும். அவை இலேசு, பார்க்க விளையாட்டுப் பொருள் மாதிரி இருக்கும். வலக்கையில் வாள், இடக்கையில் கிளை என்று பிடிக்கத் தூண்டும். பல கருவிகளில் சங்கிலித் தடுப்பே கிடையாது. கிளை அறுந்த மறுகணம் வாளும் இடக்கையும் ஒரே கோட்டில் இருக்கும். கிளையைப் பிடிக்காமல், இரண்டு கையும் கருவியில் வைத்து வெட்டப் பழகுவதே இதற்கு ஒரே வழி. சத்தம் பெற்றோலைவிடக் குறைவு என்பதால் காதுக் கவசத்தைக் கழற்றிவிடுவதும் சரியல்ல. பற்றரி வாளும் வெட்டும்போது 90 டெசிபெல்லுக்கு மேல் போகும். கண்ணாடியும் தடித்த சப்பாத்தும் எந்த வாளுக்கும் வேண்டும். இன்னொன்று: பெற்றோல் வாளுக்கென்று செய்த பாதுகாப்புக் காற்சட்டை, தன் நார்களைச் சங்கிலியில் சிக்கவைத்து இயந்திரத்தை நிறுத்துவதால்தான் காலைக் காக்கிறது. மின் மோட்டர் மெதுவாகும்போதும் முறுக்கு விசையை விடாது என்பதால், அதே காற்சட்டை அதே அளவுக்குக் காக்கும் என்று எண்ணிவிடக்கூடாது.

நீட்டி நிற்கும் கிளை, ஒரு பக்கம் மட்டும் தாங்கிய உத்திரம். மேல் நார்கள் இழுபட்டும் கீழ் நார்கள் நசுக்குண்டும் இருக்கும். மேலிருந்து மட்டும் வெட்டினால், பாதிக்கு மேல் போனதும் கிளை தன் பாரத்தில் முறிந்து, கீழ்ப்பட்டையைத் தண்டு வரை உரித்துக்கொண்டு விழும். ஆனைக்கொய்யாவிலும் ஈரப்பலாவிலும் அந்தக் காயம் ஆறாமல் பூஞ்சணம் ஏறி மரமே போய்விடும். முதலில் கீழிருந்து மூன்றிலொரு பங்கு, பிறகு சற்று வெளியே தள்ளி மேலிருந்து. கடைசியாக எஞ்சிய கட்டையை, கிளை தண்டோடு சேரும் கழுத்தோடு. தரையில் கிடக்கும் தண்டில் நசுக்குண்ட பக்கத்தை ஆழமாக வெட்டினால் தடம் மூடி, பார் உள்ளே பிடிபடும். மோட்டர் எவ்வளவு வலுவானதாக இருந்தாலும் அப்போது அசையாது. கண்டிச் சரிவுகளில் மரத்துக்கு மேல்பக்கம் நின்றுதான் வெட்ட வேண்டும், உருண்டால் கீழேதான் போகும். 6 மீற்றர் உயரத்திலிருந்து விழும் 50 கிலோக் கிளை சுமக்கும் சக்தியைக் கணக்கிட்டால் 2,900 ஜூல், ஒரு வாட் மணிக்கும் குறைவு. பற்றரியின் ஒரு துளி அது. ஓர் ஆளைக் கொல்ல அது போதும். ஏணியில் நின்று வாள் பிடிக்க வேண்டாம். எட்டாத கிளைக்கு நீண்ட கம்பு வாள் இருக்கிறது. அதற்கும் மேலே போனால், கயிறு கட்டி ஏறத் தெரிந்த ஆளைக் கூப்பிடுங்கள். மின்கம்பியைத் தொட்டுக்கொண்டிருக்கும் கிளையை யாருமே தொடக்கூடாது. மின்சார சபையின் 1987 இலக்கத்துக்கு அழைத்துவிட்டு விலகி நிற்க வேண்டும்.

வாளை வாங்குமுன் சட்டத்தையும் பார்க்க வேண்டும். இந்த நாட்டில் மரம் உங்கள் வளவில் நின்றாலும் எல்லா மரமும் உங்கள் இஷ்டத்துக்கு இல்லை. மரம் வீழ்த்துவதைக் கட்டுப்படுத்தும் 1951-ம் ஆண்டின் 9-ம் இலக்கச் சட்டத்தின் கீழ் பலா, ஈரப்பலா, பெண் பனை ஆகியவற்றைத் தறிக்க அனுமதி வேண்டும். கிராம உத்தியோகத்தர் மூலம் பிரதேச செயலகத்துக்குப் போக வேண்டும். நல்ல சட்டம் அது. ஊர் ஊராகப் பலாக்கன்று நடவைத்து "கொஸ் மாமா" என்று பெயரெடுத்த ஆர்தர் வி. டயஸின் உழைப்பால் முளைத்த மரங்கள் இந்தத் தீவைப் பஞ்ச காலங்களில் தாங்கியிருக்கின்றன. ஒரு பலா காய்க்க எடுக்கும் வருடங்களையும், வாள் அதை வீழ்த்த எடுக்கும் நிமிடங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அனுமதிக் கடிதம் பாரமாகத் தோன்றாது. வாளுக்கும் கட்டுப்பாடு உண்டு. சட்டவிரோத மரம் வெட்டலைத் தடுக்க 2019-ல் சங்கிலி வாள்களை அருகிலுள்ள பொலிஸ் நிலையத்தில் பதியும்படி அரசு அறிவித்தது. நீங்கள் வாங்கப்போகும் பற்றரி வாளுக்கு இப்போது என்ன விதி என்று பணம் கொடுக்குமுன் பொலிஸ் நிலையத்திலேயே கேட்டுவிடுங்கள்.

வாள் மிகவும் தேவைப்படும் நாளில் சுவரில் மின்சாரம் இருக்காது என்பதையும் சேர்த்தே பற்றரியைத் தெரிவுசெய்ய வேண்டும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கொட்டிய மழையில் கண்டி மாவட்டத்தின் மலைச்சரிவுகள் இடிந்தன. மரங்கள் வீதிகளை மறித்தன. பல ஊர்களில் நாட்கணக்கில் மின்சாரம் இல்லை. கூரையில் சூரிய மின் தகடு இருக்கிறதே என்று நம்பியவர்களுக்கும் அது உதவவில்லை. பற்றரிச் சேமிப்பு இல்லாமல் தேசிய மின்கட்டமைப்போடு இணைத்த தகடுகள், கட்டமைப்பு நின்றவுடன் தாமும் நின்றுவிடும். கம்பியில் திருத்த வேலை செய்யும் தொழிலாளி மின் தாக்கி இறக்கக்கூடாது என்பதற்காக அப்படி அமைத்திருக்கிறார்கள். அந்த நாட்களில் வாகனத்தின் 12 வோல்ட் பற்றரியிலிருந்து ஒரு சிறு இன்வேட்டர் மூலம் வாள் பற்றரிக்கு ஏற்றலாம். இன்ஜினை ஓடவிட்டுச் செய்தால் வாகனமும் கிளம்பாமல் போகாது. பெரிய பற்றரி ஒன்றைவிட நடுத்தரமானவை இரண்டு வைத்திருப்பதை நான் விரும்புவேன். ஒன்று வேலை செய்ய ஒன்று ஆறும். ஒன்று பழுதானாலும் கை முடங்காது.

பற்றரியைத் தயாராக வைத்திருப்பதில் ஒரு முரண் இருக்கிறது. லித்தியம் கலம் முழுதாக நிரம்பியபடி சூட்டில் கிடந்தால் சீக்கிரம் மூப்படையும். பாதி நிரப்பி, நிழலான காய்ந்த இடத்தில் வைத்தால் நீண்ட நாள் வாழும். தகரக் கூரைக் கொட்டிலும் வாகனத்தின் உள்ளும் அதற்கு ஆகாத இடங்கள். ஆனால் பாதி நிரம்பிய பற்றரியோடு புயலை எதிர்கொள்ள முடியாது. சனவரியிலிருந்து செப்டெம்பர் வரை இரண்டையும் பாதியில் வைத்துவிட்டு, ஒக்டோபர் பிறந்ததும் இரண்டையும் நிரப்பி, திசெம்பர் முடியும்வரை அப்படியே வைத்திருங்கள். கலத்தின் ஆயுளில் அதனால் கொஞ்சம் குறையும். அந்த மூன்று மாதத்துக்கு அந்த விலையைக் கொடுக்கலாம்.